மைனஸ் முப்பத்திரண்டு கிலோ கொழுந்து

என் பிரியாவிடையன்று கேக்கை வெட்டி முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பேரும் என்னை ஜன்னல் பக்கம் இழுத்துப்போய் ஒரு விஷயம் கேட்டீர்கள். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கேம் செய்து பழகுகிறீர்கள். ஆளுக்கொன்று பாதியில் நிற்கிறது. "டீச்சர், அந்தக் காலத்துல நீங்க ஒத்த ஆளா செஞ்சீங்களாமே, எப்படி வெறுத்துப்போகாம இருந்தீங்க?" என் வாய் நிறைய கேக். தலையை மட்டும் ஆட்டினேன். ஏதோ பெரிய இரகசியத்தை வைத்துக்கொண்டு சொல்லாமல் போகிறவள் மாதிரி உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரகசியமெல்லாம் இல்லை. நானும் வெறுத்துத்தான் போனேன். இரண்டு தரம் நன்றாகவே வெறுத்து, எழுதியதை எல்லாம் பெட்டிக்குள் போட்டு மூடினேன். மூன்றாம் தரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவிட்சையே அணைத்து மூடப் பார்த்தேன், நடக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். ஓய்வில் இருக்கிறேன், நேரம் கிடக்கிறது. நீங்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நம்முடைய கம்ப்யூட்டர் நிலையம் பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், அதில் நாலுதான் ஓடும். கீழே கடையும் மேலே வகுப்பும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். பதுளை முஸ்லிம் ஆள், துணியைத் தொட்டுப் பார்த்தே எந்த ஆலையில் நெய்தது என்று சொல்லுவார், கம்ப்யூட்டரை மட்டும் தொடவே மாட்டார். தட்டச்சும் கடிதம் அடிப்பதும் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு டீச்சர், அது நான். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதுளையில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளை சாரி கட்டி வேலைக்குப் போன தவமணி டீச்சர்.

மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் வகுப்பு கிடையாது. அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மாணவர் ஒருவர் கொண்டுவந்த டிஸ்க்கில் ஒரு சின்ன விளையாட்டு இருந்தது. மேலிருந்து கட்டைகள் விழும், நாம் அடுக்க வேண்டும். சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்காமலே ஒரு கிழமை விளையாடினேன். எட்டாம் நாள் எனக்குத் தோன்றியது: இதை யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் அல்லவா? அந்த யாரோ நானாக இருந்தால் என்ன?

உடனே பெரிய கொப்பி ஒன்று வாங்கினேன். ஒரு முழுத் தோட்டத்தையே விளையாட்டாகச் செய்யப் போகிறேன். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டு, மலையில் கொழுந்து, தொழிற்சாலை, மழை, மண்சரிவு, கல்யாணம், தீபாவளி, லயத்துக் கூரை ஒழுகல், எல்லாம் உண்டு. ஆட்டுக்கு ஒரு பொத்தான், மாட்டுக்கு ஒரு பொத்தான். மூன்று மாதத்தில் கொப்பி நிறைந்தது. கம்ப்யூட்டரில் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கொப்பியில் இன்னொரு பக்கம் எழுதினேன். கடைசியில் கொப்பியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மூடி வைத்தேன். முதல் தரம் வெறுத்தது அப்படி.

மெஷின் பழுதானால் பார்க்க ஒருவர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் ஒரு கந்தோரில் வேலை, என்னைவிட இளையவர். பெயர் சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், வேண்டாம். ஒரு நாள் பழுது பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த கொப்பியைப் புரட்டினார். நான் பறிக்கப் போனேன். அவர் விடவில்லை. கடைசிப் பக்கம் வரை வாசித்தார்.

"டீச்சர், நல்லா எழுதியிருக்கிறியள். விளையாட்டு எங்க?"

"அதுலதானே இருக்கு."

"இதில கதை இருக்கு. ஒரு சதுரம் கீறுங்கோ. ஒரு பொத்தானை அமத்தினா அது நகர வேணும். வெள்ளிக்கிழமை வாறன், எனக்கு அதை மட்டும் காட்டுங்கோ. மாடும் வேண்டாம், கலியாணமும் வேண்டாம்."

எனக்குச் சரியான கோபம். தோட்டத்தையே செய்ய வந்தவளிடம் சதுரம் கேட்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் சொல்லிவிட்டாரே, வெறுங்கையோடு நிற்க முடியுமா? புதன்கிழமை மதியம் சதுரம் வந்தது. வியாழக்கிழமை ஒரு மணி பத்துக்கு நான் பொத்தானை அழுத்த, அது நகர்ந்தது.

பிள்ளைகளே, அந்தச் சதுரம் நகர்ந்தபோது நான் கத்திய கத்தில் கீழே புடவைக் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலோடு மாடிக்கு ஓடிவந்தார். கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்தாராம். "இங்க பாருங்க, நகருது!" என்றேன். அவர் பார்த்தார். "என்ன நகருது?" "சதுரம்!" அவர் என்னை ஒரு தரம், சதுரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். எனக்குக் கவலையே இல்லை. இடது பக்கம் போ என்றால் போகிறது. வலது பக்கம் வா என்றால் வருகிறது. என் சொல்லைக் கேட்கிற ஒன்று உலகத்தில் முதன்முதலாக வந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பார்சல் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

சதுரம் கொழுந்து பறிக்கிற பெண்ணாக மாறியது. செடியில் கொழுந்து தெரியும், பொத்தானை அழுத்தினால் கூடையில் விழும், எடை ஏறும். ஐந்து நிமிடத்தில் எத்தனை கிலோ என்பதுதான் விளையாட்டு. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் அழகுபடுத்தத் தொடங்கினேன். சேலைக்குப் பூப்போட்டேன். மலைக்குப் பின்னால் மலை கீறினேன். கூடைக் கயிற்றின் முடிச்சைப் புள்ளி புள்ளியாக வரைய மட்டும் இரண்டு கிழமை போனது. மாணவர்களைக் கூப்பிட்டு விளையாடச் சொன்னேன். எல்லோரும் "நல்லாருக்கு டீச்சர்" என்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் நல்லாருக்கு. பிறகு ஒருவரும் இரண்டாம் தரம் விளையாட வரவில்லை. அவர்களுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவள் நான், வேறு என்ன சொல்லுவார்கள்? அந்தச் சின்ன விஷயம் எனக்கு விளங்க ஆறு மாதம் ஆனது. அதற்குள் இரண்டாம் தரமும் வெறுத்து மூடிவிட்டேன். பூப்போட்ட சேலையோடு அந்தப் பெண் டிஸ்க்குக்குள் தூங்கினாள்.

அவளை எழுப்பியது என் அக்கா.

அக்கா பாக்கியம் என்னைவிட ஏழு வயது மூத்தவள், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவள் மலையில் நின்றதால்தான் நான் படித்தேன். ஒரு நாள் சீத்தைத் துணி வாங்கப் பதுளைக்கு வந்தவள், பின்னேர பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று மாடிக்கு ஏறி வந்தாள். ஒரு கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. வேடிக்கை காட்டலாமே என்று போட்டுக் கொடுத்தேன். பொத்தானை இரண்டு தரம் அழுத்தினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அடுப்பில் பாலைப் பொங்கவிட்டவளைப் பார்க்கிற பார்வை.

"ஏன்டி மணி, இவளுக்கு ஒரு கை என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"பின்ன ஏன் ஒத்தக் கையில பறிக்கிறா? இப்பிடிப் பறிச்சா கங்காணி மலைய விட்டே எறக்கிருவாரு. ரெண்டு கையும் ஓடணும்டி. இந்தக் கை ஒடிக்கிறப்ப அந்தக் கை அடுத்ததப் பாக்கணும்." மேசையின் மேல் இரண்டு கையையும் வைத்து, கம்ப்யூட்டரே இல்லாமல் பறித்துக் காட்டினாள். பத்து விரலும் மழை மாதிரி இறங்கின. "முத்துன எலையும் வரணும். அதப் பறிச்சா கொறையணும். எல்லாமே கொழுந்தா இருக்குற மலை எந்த ஊர்ல இருக்கு?"

லயத்தில் பிறந்தவள் நான். அம்மாவும் அக்காவும் இரண்டு கையால் பறிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். முடிச்சுக்கு இரண்டு கிழமை செலவழித்தேன், கையை எண்ணவில்லை!

அவளை உட்காரவைத்து அங்கேயே மாற்றினேன். இடது கைக்கு ஒரு பொத்தான், வலது கைக்கு ஒரு பொத்தான். கொழுந்து எந்தப் பக்கம் வருகிறதோ அந்தக் கை. முத்தல் இலை வந்தால் தொடக்கூடாது. முக்கால் மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்தேன். அக்கா விளையாடினாள். முதலில் வாய்க்குள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இன்னொருக்கா போடு" என்றாள். "இன்னொருக்கா." "அடியே, இப்ப கை பழகிருச்சு, போடு." பின்னேர பஸ் போய்விட்டது. அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றிரவு என் அறையில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இன்னும் என்னென்ன சேர்க்கலாம் என்று பேசிப் பேசிச் சிரித்ததில் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார்.

அதற்குப் பிறகு எனக்கு யாரும் ஊக்கம் கொடுக்க வேண்டி வரவில்லை. மனதைக் கட்டுப்படுத்து, தினமும் உட்கார் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், மூன்று நாள் தாங்கும். ஆனால் "இன்னொருக்கா போடு" என்ற அந்தக் குரலை ஒரு தரம் கேட்டுவிட்டால், அதை மறுபடி கேட்க வேண்டும் என்றிருக்கும். மதியம் எப்போது வரும் என்று மணியைப் பார்த்துக்கொண்டே காலை வகுப்பை நடத்தினேன். முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். முதலாளிக்குத் தோட்டங்களிலும் வகுப்பு தொடங்க ஆசை. அக்காவின் தோட்டத்தில் ஓர் அறை சும்மா இருந்தது. அதைக் கேட்டதற்கு, சின்னத்தொரை, அதாவது உதவி மேனேஜர், "முதலில் சனங்களுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். இரண்டு மெஷினை மெத்தையில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். தோட்டப் பாடசாலை மண்டபம் நிறையப் பெண்கள். முன்வரிசையில் கதிரை போட்டுச் சின்னத்தொரையும், பக்கத்தில் தினமும் கொழுந்து நிறுக்கிற கணக்குப்பிள்ளையும்.

கடிதம் அடிக்கிறதை நான் காட்டினேன். கொட்டாவி விட்டார்கள். படம் வரைகிறதைக் காட்டினேன். ஒரு குழந்தை அழுதது. முதலாளி முகம் சுருங்கியது. "புள்ள, அந்தக் கொழுந்துச் சாமானப் போடுங்களேன்" என்றார். போட்டேன். விளையாட யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் மண்டபமே அக்காவைத் தள்ளிவிட்டது.

திரை சின்னது. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் நான் பக்கத்தில் நின்று எடையை உரக்கச் சொன்னேன். அஞ்சு கிலோ! பத்து கிலோ! மற்றவர்கள் அதுவரை எடுத்த ஆகக்கூடிய எடை இருபத்திரண்டு. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் மற்றவர்கள் என்பது நானும் அந்தப் பழுது பார்க்கிறவரும்தான். அக்கா இருபத்திரண்டை மூன்று நிமிடத்தில் தாண்டினாள். இருபத்தைந்து! கதிரையில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். முப்பது! பெண்கள் எழுந்து நின்றார்கள். "விடாத பாக்கியம்! விடாத!" ஒருத்தி தன் சேலை முந்தானையையே பறித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொண்ணு! முப்பத்திரண்டு!

அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். திரையில் எடைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. மைனஸ் முப்பத்திரண்டு கிலோ.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. எடையைக் கிராமில் கணக்கு வைத்திருந்தேன். நான் போட்ட எண் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரைக்கும்தான் எண்ணும், அதற்கு மேல் போனால் தலைகீழாக விழுந்து மைனஸ் பக்கத்திலிருந்து தொடங்கும். ஒரு மனுஷி ஐந்து நிமிடத்தில் அவ்வளவு பறிப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

"அந்தக் கோடு என்னாங்க டீச்சர்?" முன்னால் நின்ற ஒரு அம்மா கேட்டார். அவருடைய மகள் பாடசாலை போகிறவள் போல, உரக்கச் சொன்னாள்: "மைனஸ்மா. கழிச்சுட்டாங்க."

மண்டபம் வெடித்தது. கூடைக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோ என்று நாள் தவறாமல் கழிக்கப்படுகிறவர்கள் அவர்கள். "அட பாவிகளா, கம்ப்யூட்டருக்குள்ளயும் கழிச்சிட்டாங்களா!" "முழுசாவே கழிச்சிட்டாங்கடி!" ஒருத்தர் தோளில் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. "முதலாளி, யாரு இத உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது? எங்களக் கேவலப்படுத்தவா வந்தீங்க?" சின்னத்தொரை சிரிக்கவும் இல்லை, எழவும் இல்லை, என்னையே பார்த்தார்.

முதலாளி என் காதருகே வந்தார். "ஓஃப் பண்ணுங்க புள்ள. கரண்டு போயிட்டுன்னு சொல்லுவம்."

சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்தால் அறை கிடைக்கலாம், ஆனால் அக்கா பறித்த அத்தனையும் போய்விடும், அதுவும் எல்லோர் கண்முன்னே. இன்னொரு வழியும் இருந்தது. இது நான் வேண்டுமென்றே வைத்த பகிடி என்று சிரித்துவிட்டால், அந்தப் பெண்கள் என்னைத் தோளில் தூக்கியிருப்பார்கள். கெட்டிக்காரி என்ற பெயர் சும்மா கிடைக்கும். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆசை வந்தது. கொஞ்ச நேரம் இல்லை, நன்றாகவே வந்தது.

திரும்பிப் பார்த்தேன். இத்தனை சத்தத்திலும் அக்கா மட்டும் நிறுத்தவில்லை. அவளுக்கு மைனஸ் தெரியாது, கோடு தெரியாது. இன்னும் இருபது செக்கன் இருக்கிறது, கொழுந்து வருகிறது, இரண்டு கையும் ஓடுகிறது.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். முடியட்டும் என்று விட்டேன். மணி அடித்தது. மைனஸ் முப்பதாயிரத்து நூற்று முப்பத்தாறு கிராமில் நின்றது.

"எல்லாரும் கேளுங்க!" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "யாரும் கழிக்கல. இது பகிடியும் இல்ல. எடையில பிழை இருக்கு. பிழை இந்தப் பெட்டியோடது இல்ல, இத எழுதுன என்னோடது. அக்கா பறிச்சது அப்பிடியே இருக்கு. இப்ப கணக்குப் போட்டுக் காட்டுறேன்."

கரும்பலகையில் எழுதினேன். அந்த எண்ணின் முழுச் சுற்றான அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறிலிருந்து முப்பதாயிரத்து நூற்று முப்பத்தாறைக் கழிக்க வேண்டும். அழுத்தி எழுதியதில் சோக்கு இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டால் எழுதினேன். முப்பத்தையாயிரத்து நானூறு.

கணக்குப்பிள்ளை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபக்காரர்தான், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கூட்டிக் கழித்தவர். கணக்கை விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை. பலகைக்குக் கிட்ட வந்தார். விரலை வைத்து இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தார். "ஒரு புடி எத்தன கிராமு?" என்று கேட்டார். ஐம்பதுங்க என்றேன். ஒரு தரம் மனதுக்குள் வகுத்துப் பார்த்தார்.

"சரிதான்," என்றார். பிறகு பழக்க தோஷத்தில், மலையில் சொல்கிற அதே குரலில் மண்டபம் முழுக்கக் கேட்கக் கூவினார்: "பாக்கியம், முப்பத்தஞ்சு கிலோ நானூறு!"

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. அக்கா கதிரையை விட்டு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எடையில பிழைன்னு நிறுத்தவங்களே சொல்லி நான் இன்னைக்குத்தான்டி கேக்குறேன்." சின்னத்தொரை அடக்கி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் சிரித்ததும் கணக்குப்பிள்ளையும் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார்.

பிறகு வரிசை நின்றது பாருங்கள்! கதவைத் தாண்டி, படியைத் தாண்டி, கிணறு வரைக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை. கணக்குப்பிள்ளையே பக்கத்தில் கதிரை போட்டு எடையை அறிவித்தார், கழிக்காமல். கம்ப்யூட்டரைத் தொடவே தொடாத நம் முதலாளியையும் அந்தப் பெண்கள் விடவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் முத்தல் இலையாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தார். நாலு கிலோ. தோட்டத்தில் குறைந்த எடைக்கு அரை நாள் வேலை என்றுதான் எழுதுவார்கள், அதற்கு அரைப்பேர் என்று பெயர். "முதலாளிக்கு அரைப்பேரு!" என்று மண்டபமே பாடியது.

ஆகவே பிள்ளைகளே, நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பாதியில் நிற்கிற அந்த மூன்றிலும் ஆகச் சின்னதை எடுத்து, உங்கள் தயவு தேவையில்லாத ஒருவர் கையில் கொடுங்கள். அதில் பிழை வரும், அதுவும் எல்லோர் முன்னாலும் வரும். அப்போது சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

திரும்பி வரும்போது முதலாளி வேனில் வாயே திறக்கவில்லை. சின்னத்தொரை அறையைத் தருவதாகச் சொல்லிவிட்டார், இருந்தும் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஹப்புத்தளை தாண்டியது. பண்டாரவளையும் தாண்டியது. பிறகுதான் மெதுவாகத் திரும்பினார்.

"புள்ள, நாளைக்கே அந்தப் பிழையத் திருத்துங்க."

"சரிங்க முதலாளி."

"அடுத்த ஞாயிறு இன்னொருக்கா வாறம்." இரண்டு கை விரல்களையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். "எனக்கு முழுப்பேர் வேணும்."